பதினொரு நிமிட ஆட்டம், மூன்று மணி நேரப் பேச்சு

2010 ஜனவரி 24, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கம். அமெரிக்க ஃபுட்பால். ஸ்கோர் 28-28. ஆட்டம் முடிய இன்னும் 19 நொடி. பந்து மினசோட்டா வைகிங்ஸ் கையில். ஜெயித்தால் நேரே சூப்பர் பவுல், அதாவது இறுதி ஆட்டம்தான். பந்தை எறிய வேண்டியவர் பிரெட் ஃபார்வ், வயது 40. கணுக்காலில் பலமாக அடி. அன்று மாலை முழுக்க எதிரணியான நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் வீரர்கள் அவரைத் தரையில் சாய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஃபார்வ் வலது பக்கம் நகர்ந்தார். முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. நாலைந்து யார்டு நொண்டிக்கொண்டே ஓடி விழுந்திருந்தால்கூட, மூன்று புள்ளிக்கு ஒரு நீண்ட உதையை முயன்று பார்த்திருக்கலாம். அவர் ஓடவில்லை. வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த உடம்போடு பந்தை இடப்பக்கமாக, மைதானத்தின் நடுவே எறிந்தார். அதைப் பிடித்தவர் செயிண்ட்ஸ் அணியின் டிரேசி போர்ட்டர். கூடுதல் நேரத்தில் செயிண்ட்ஸ் 31-28 என்று வென்றது.

அந்த நொடியில் வைகிங்ஸின் வானொலி வர்ணனையாளர் பால் ஆலன் கத்தியதை அந்த அணியின் ரசிகர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எறியலாம் என்ற யோசனையே எதற்கு வந்தது, தரையில் மண்டி போட்டுவிட்டு 56 யார்டு உதையை முயன்றிருக்கலாமே, இது டெட்ராய்ட் இல்லையப்பா, இது சூப்பர் பவுல் என்று கிட்டத்தட்ட அழுதார் மனிதர். டெட்ராய்ட் லயன்ஸ் 2008இல் 16 ஆட்டத்தில் 16லும் தோற்ற அணி. அவர்களோடு ஆடும்போது இந்த மாதிரி விளையாட்டுத்தனம் செல்லும், இங்கே செல்லாது என்று பொருள். அதே நேரத்தில் தொலைக்காட்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக ஜோ பக்கும் ட்ராய் எய்க்மனும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அழ முடியாது. நாடு முழுவதற்கும் பொதுவாகப் பேச வேண்டியவர்கள்.

ஒரே எறிதல், இரண்டு விதமான குரல். அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் வாரம் தவறாமல் போடும் சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. யார் வர்ணனை செய்தாலும் 'அவனுக்கு எங்கள் அணி என்றாலே ஆகாது' என்பார்கள். வயதான நட்சத்திர குவார்ட்டர்பேக் ஒருவர் களத்தில் இருந்துவிட்டால் சண்டை இன்னும் சூடாகும். இவர் இன்னும் ஆடலாமா என்ற கேள்வியும், இவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்களே என்ற எரிச்சலும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் இல்லை. இருமுனையும் கூம்பிய தோல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதினொருவரும் பதினொருவரும் மோதும் ஆட்டம். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அணியே அவரைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. அதனால் அவருக்கு வயதாவது ஒரு ஊருக்கே பிரச்சினை.

முதலில் அந்தப் பொதுக்குரல் விவகாரம். பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் உள்ளூர் அணியின் சொந்த வர்ணனையாளர் பேசுவது பல காலமாக வழக்கம். அவர் நம்ம ஆள். நாம் தோற்றால் அவர் குரல் இறங்கும். என்எஃப்எல் என்ற தேசிய ஃபுட்பால் லீக்கில் அப்படி இல்லை. 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அணிகள் தனித்தனியாக ஒளிபரப்பு உரிமையை விற்காமல், லீக் மொத்தமாக விற்றுப் பணத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றது அது. அப்போதைய ஆணையர் பீட் ரோசெல் அதற்காக அலையாய் அலைந்தார். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும் கிரீன் பே என்ற ஊரில் நியூயார்க் அணிகளோடு மல்லுக்கு நிற்கும் ஓர் அணி இன்றும் உயிரோடு இருப்பதற்கு இந்தப் பங்கீடு பெரிய காரணம். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களை விட்டால், தொலைக்காட்சியில் எந்த ஊர்க்காரருக்கும் நம்ம ஆள் கிடையாது. எல்லாருக்கும் அடுத்த வீட்டுக்காரர்தான் பேசுவார். அவர் எதிரணியைப் பாராட்டும் ஒவ்வொரு வாக்கியமும் காதில் முள்ளாகக் குத்தும். நம்மைப் பாராட்டுவது காதில் விழவே விழாது. இரண்டு அணி ரசிகர்களும் ஒரே ஆளை ஒரே இரவில் ஓரவஞ்சனைக்காரன் என்று திட்டுவது இப்படித்தான் சாத்தியமாகிறது.

இதற்கு ரசிகர்கள் கண்டுபிடித்த வழி பழையது. தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டு வானொலியை வைப்பார்கள். படம் தேசியத் தொலைக்காட்சியுடையது, குரல் உள்ளூர்க்காரருடையது. டிஜிட்டல் ஒளிபரப்பு வந்து அதையும் கெடுத்தது. படம் பல நொடி தாமதமாக வருகிறது. பந்து இன்னும் குவார்ட்டர்பேக் கையில் இருக்கும்போதே வானொலிக்காரர் 'டச்டவுன்!', அதாவது பந்து கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது, என்று கூவிவிடுகிறார். வானொலியின் ஒலியை நிறுத்திப் பிடித்துப் படத்தோடு சேர்ப்பதற்கென்றே கருவி வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. எதிர்வழியும் ஒரு முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 1980 டிசம்பரில் ஜெட்ஸும் டால்ஃபின்ஸும் மோதிய ஓர் ஆட்டத்தை வர்ணனையாளரே இல்லாமல் ஒளிபரப்பியது என்பிசி. அரங்கத்தின் சத்தம் மட்டும், திரையில் எழுத்துகள் மட்டும். அப்புறம் யாரும் அதைத் தொடரவில்லை.

ஏன் தொடரவில்லை என்பதற்குக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஓர் அமெரிக்க நாளிதழ் 2010இல் சில ஒளிபரப்புகளை நொடி நொடியாக எண்ணிப் பார்த்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நிகழ்ச்சியில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். மிச்சமெல்லாம் விளம்பரம், வீரர்கள் கூடி நிற்பது, மறுபடி காட்டுவது, பயிற்சியாளர் முகம். அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? உத்திகளைப் பேசலாம், பாதிப் பேருக்குப் புரியாது. கதை பேசலாம், எல்லாருக்கும் புரியும். 40 வயதில் இன்னும் ஆடும் ஒரு குவார்ட்டர்பேக்கைவிட வற்றாத கதை வேறு எது? எத்தனையாவது எலும்பு முறிவு, அப்பா, மனைவி, ஓய்வு, திரும்பி வந்தது, இன்னொரு ஓய்வு. வர்ணனையாளர்கள் அவர் மீது காதல் கொண்டு பேசுகிறார்கள் என்பது ரசிகர்களின் குற்றச்சாட்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. காதலைவிட, பேச விஷயம் வேண்டும் என்ற தேவைதான் பெரிது.

ஆனால் ஜான் மேடன் விஷயத்தில் காதல் இல்லை என்று என்னால் வாதாட முடியாது. ரெய்டர்ஸ் அணிக்குப் பத்து ஆண்டு பயிற்சியாளராக இருந்து, சூப்பர் பவுல் வென்று, பிறகு வர்ணனைக்கு வந்தவர். விமானத்தில் ஏற மாட்டார். பெரிய பேருந்தில் நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவார். திரையில் மஞ்சள் கோடு கிழித்து, யார் யாரை எங்கே இடித்தார்கள் என்று 'பூம்!' போட்டு விளக்கியவர். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக ஃபார்வ் வென்ற ஒரே சூப்பர் பவுலை, 1997 ஜனவரியில், பாட் சம்மரலோடு சேர்ந்து வர்ணித்தவர் அவர்தான். அணியின் இரண்டாவது முயற்சியிலேயே 54 யார்டு டச்டவுன் எறிந்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்தபடி பள்ளிக்கூடம் விட்ட பையன் போல ஃபார்வ் ஓடியது அந்த ஆட்டத்தில்தான்.

2003 டிசம்பர் 22ஆம் தேதி ஆட்டத்துக்கும் மேடன் இருந்தார். ஃபார்வின் அப்பா முந்தைய நாள் மாரடைப்பில் இறந்துவிட்டார். மகன் ஆடினார். 399 யார்டு, 4 டச்டவுன், ஓக்லண்டில் ரெய்டர்ஸை 41-7 என்று நொறுக்கியது பேக்கர்ஸ். ரெய்டர்ஸ் ரசிகர்களே கைதட்டினார்கள். அப்படி ஓர் இரவை மேலிருந்து பார்த்துப் பேசியவர் அடுத்த பருவத்தில் அந்த ஆளை நடுநிலையோடு பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். மேடன் ஃபார்வைப் புகழ்வது அவ்வளவு பிரசித்தமாகி, நகைச்சுவைக் கலைஞர் ஃபிராங்க் கலியெண்டோ அதையே மிமிக்ரி செய்து பேர் வாங்கினார்.

ரசிகர்களின் ஆத்திரம் குறிப்பாக ஒரு சொல்லைச் சுற்றி வந்தது. கன்ஸ்லிங்கர். துப்பாக்கியை உருவிச் சுட்டுவிட்டு அப்புறம் யோசிக்கும் மேற்கத்திய முரடன். ஃபார்வ் மூன்று பேர் சூழ்ந்த ஆளுக்குப் பந்தை எறிவார். தன் ஆள் பிடித்தால் கன்ஸ்லிங்கர். எதிரணி பிடித்தாலும் கன்ஸ்லிங்கர்தான். அவர் சுபாவம் அது. இதையே இரண்டாம் ஆண்டு ஆடும் ஒரு பையன் செய்தால் 'மோசமான முடிவு'. கணக்கு என்னவோ தெளிவாக இருந்தது. 2005 பருவத்தில் மட்டும் ஃபார்வ் 29 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி கையில் போய் விழுந்த எறிதல், கொடுத்தார். பேக்கர்ஸ் 4-12, அதாவது 4 வெற்றி, 12 தோல்வி. இருபது ஆண்டுகளில் மொத்தம் 336. அவருக்கு முன் சாதனை வைத்திருந்த ஜார்ஜ் பிளாண்டா 277இல் நின்றவர்.

கேள்வி சூடு பிடித்தது 2008இல். முந்தைய பருவத்தில் பேக்கர்ஸ் 13-3 என்று அட்டகாசமாக ஆடியிருந்தது. 2008 ஜனவரி 20, பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்ட், மைனஸ் 18 டிகிரி குளிர், அரையிறுதி. கூடுதல் நேரத்தில் ஃபார்வ் எறிந்த பந்தை நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் பிடித்தார். சற்று நேரத்தில் உதைத்து ஜெயித்தார்கள். அதுதான் பேக்கர்ஸ் சட்டையில் அவர் எறிந்த கடைசிப் பந்து. மார்ச்சில் கண்ணீர் மல்க ஓய்வு அறிவித்தார். ஜூலையில் திரும்பி வர வேண்டும் என்றார். மேலாளர் டெட் தாம்ப்ஸனும் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தியும், நாங்கள் ஆரன் ராஜர்ஸோடு புறப்பட்டுவிட்டோம் என்றார்கள். ராஜர்ஸ் மூன்று ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த 24 வயதுப் பையன். ஊரே பங்குதாரராக இருக்கும் அணி அது. பங்குக்கு லாபம் கிடையாது, விற்கவும் முடியாது, சான்றிதழை மாட்டி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பங்குதாரர்களில் ஒரு கூட்டம் ஃபார்வ் பக்கம், ஒரு கூட்டம் நிர்வாகத்தின் பக்கம். பயிற்சியின்போது ராஜர்ஸைப் பார்த்துக் கூச்சலிட்டவர்களும் இருந்தார்கள். அந்தப் பையன் செய்த தப்பு என்னவோ.

ஆகஸ்டில் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். மேடன் பெயரில் வரும் வீடியோ கேம் அதே மாதம் கடைக்கு வந்தது. அட்டையில் ஃபார்வ், பேக்கர்ஸ் சட்டையோடு இருந்தார்.

இந்த இடத்தில், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு ஒளிபரப்புக் குழுவும் வர்ணனையாளர்களும் இரு அணிகளின் பயிற்சியாளரையும் குவார்ட்டர்பேக்கையும் சந்திப்பார்கள். புரொடக்‌ஷன் மீட்டிங் என்று பெயர். எந்த வீரருக்கு எங்கே வலி, எந்த உத்தியை முயலப்போகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கசியும். வெளியே சொல்லக் கூடாதது எது, ஜாடையாகச் சொல்லலாம் என்பது எது என்று அவர்களுக்குள் ஒரு புரிதல் இருக்கும். இருபது ஆண்டாக அந்த அறைக்கு வந்து சிரிக்கச் சிரிக்கப் பேசும் ஒரு குவார்ட்டர்பேக்கை, மறுநாள் மைக்கில் 'இவர் காலம் முடிந்தது' என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அடுத்த மாதமும் அதே அறைக்குப் போக வேண்டியிருக்கிறதே.

ஜெட்ஸ் பருவம் இதற்கு நல்ல உதாரணம். 8-3 என்று பறந்த அணி கடைசி ஐந்தில் நான்கைத் தோற்றது. பந்து ஃபார்வ் கையிலிருந்து செத்துப்போய் வருவதை ரசிகர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவருடைய புஜத் தசைநாண் கிழிந்திருந்தது. அணியின் காய அறிக்கையில் அதை முறையாகச் சொல்லாததற்காக, மறுவருடம் லீக் ஜெட்ஸ் அணிக்கும் அதன் மேலாளருக்கும் அந்தப் பருவத்தின் பயிற்சியாளருக்குமாகச் சேர்த்து 1,25,000 டாலர் அபராதம் போட்டது. வயதாகிவிட்டது, மனசு இல்லை, எல்லாம் வேஷம் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் விவாதித்ததற்கு விடை ஒரு மருத்துவ அறிக்கையில் கிடந்தது.

மீண்டும் ஓய்வு. 2009 ஏப்ரலில் மேடனும் ஓய்வு. ஆகஸ்டில் ஃபார்வ் மட்டும் திரும்பி வந்தார், அதுவும் பேக்கர்ஸின் பரம எதிரியான வைகிங்ஸுக்கு. பயிற்சியாளர் பிராட் சில்ட்ரஸ் தானே காரை ஓட்டி விமான நிலையத்திலிருந்து அவரைக் கூட்டி வந்ததைத் தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள் மேலிருந்து நேரலையில் காட்டின. 'போதுமடா சாமி' என்று சொல்லாத ரசிகரே அன்று இருந்திருக்க முடியாது. அவர்கள் சொன்னபடி நடந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் ஃபார்வ் தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான பருவத்தை ஆடினார். 33 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். பழைய பேக்கர்ஸை இரண்டு முறையும் தோற்கடித்தார். அக்டோபர் 5 அன்று நடந்த முதல் மோதலை இஎஸ்பிஎன்னில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அமெரிக்க கேபிள் தொலைக்காட்சியில் அதுவரை வேறெந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. திட்டியவர்களும் பார்த்தார்கள். திட்டுவதற்காகவே பார்த்தவர்களும் உண்டு. ஒளிபரப்பு நிறுவனத்துக்கு இரண்டும் ஒரே எண்ணிக்கைதான்.

அப்புறம் அந்த சூப்பர்டோம் இரவு. அதற்கு அப்புறமும் அவர் நிறுத்தவில்லை என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்புத்தான் வருகிறது. 2010 ஆகஸ்டில் மூன்று சக வீரர்கள் மிசிசிப்பிக்கே விமானம் ஏறிப்போய் அழைத்து வந்தார்கள். அந்த டிசம்பரில், தொடர்ந்து 297 ஆட்டங்களில் தொடக்கத்திலேயே களமிறங்கியவர் 298ஆவதில் இறங்க முடியாமல் நின்றார்.

பேக்கர்ஸ் நிர்வாகம் செய்தது சரியா? ராஜர்ஸின் முதல் பருவம் 6-10. ஃபார்வ் கட்சி 'பார்த்தாயா' என்றது. 2011 பிப்ரவரியில் ராஜர்ஸ் சூப்பர் பவுல் வாங்கித் தந்ததும் அந்தக் கட்சியே காணாமல் போனது. தாம்ப்ஸன் எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2009இல் 40 வயதுக்காரர் ஆடிய விதத்தைப் பார்த்தவர்கள் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாமல் தவித்ததும் நியாயம்தான்.

மேலே உட்கார்ந்து பேசுபவர்களில் பலர் முன்னாள் குவார்ட்டர்பேக்குகள் என்பதையும் விட்டுவிடக் கூடாது. 1970இல் திங்கள் இரவு ஆட்டம் தொடங்கியபோதே டான் மெரிடித் இருந்தார், டல்லஸ் கவ்பாய்ஸ் குவார்ட்டர்பேக். எய்க்மன் அதே அணி. டோனி ரோமோவும் அதே அணி. ரோமோ 2017இல் ஓய்வு பெற்றதும் சிபிஎஸ் அவரை நேரே முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. அடுத்து என்ன ஆடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வியக்க வைத்தார். ஆண்டுக்கு சுமார் 1.7 கோடி டாலர் சம்பளம் என்று செய்தி வந்த சில வருடங்களுக்குள், வியந்த அதே வாய்கள் 'ஓயாமல் பேசுகிறான்' என்று ஆரம்பித்துவிட்டன. டாம் பிரேடியைக் களத்தில் இருக்கும்போதே ஃபாக்ஸ் பிடித்துப்போட்டது. 2022 பிப்ரவரி 1 அன்று ஓய்வு, 40 நாளில் வாபஸ், மே மாதம் பத்தாண்டுக்கு 37.5 கோடி டாலர் ஒப்பந்தச் செய்தி. அடுத்த பருவம் முழுக்க, வருங்கால சக ஊழியரைப் பற்றித்தான் ஃபாக்ஸ்காரர்கள் பேசினார்கள். 2024இல் மைக் முன்னால் உட்கார்ந்தார். அதே ஆண்டு ரெய்டர்ஸ் அணியில் பங்கும் வாங்கினார். அதனால் அந்த புரொடக்‌ஷன் மீட்டிங்குகளுக்கு அவர் வரக் கூடாது என்று லீக் தடை போட்டது. அந்த அறையில் கிடைப்பதன் மதிப்பு அதிலிருந்து தெரியும்.

பேக்கர்ஸ் ராஜர்ஸுக்கும் ஃபார்வுக்குச் செய்ததையே செய்தது. 2020இல் ஜோர்டன் லவ் என்ற இளைஞரை எடுத்தது, 2023இல் ராஜர்ஸை அதே ஜெட்ஸுக்கு அனுப்பியது. 2023 செப்டம்பர் 11, திங்கள் இரவு. மைக்கில் இப்போது இஎஸ்பிஎன்னுக்கு மாறியிருந்த அதே ஜோ பக்கும், தலையில் வாங்கிய அடிகளாலும் முதுகு வலியாலும் 34 வயதிலேயே ஆட்டத்தை விட்ட அதே எய்க்மனும். கோடை முழுக்க ராஜர்ஸ் பற்றித்தான் பேச்சு. கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தார். நான்காவது முயற்சியில் கணுக்காலுக்கு மேலே தசைநாண் அறுந்து உட்கார்ந்தார். 39 வயது. பருவம் முடிந்தது.

ஆட்டம் முடிய இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது. கூடுதல் நேரம் வரை போய், எந்த அணியும் தேர்ந்தெடுக்காத புதுமுகம் சேவியர் கிப்சன் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 65 யார்டு ஓடி ஜெட்ஸை 22-16 என்று ஜெயிக்க வைத்தார். மறுநாள் காலை எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் ராஜர்ஸின் இடது குதிகால்தான்.